'கேங்ஸ்டர்ஸ்' பற்றிக் கேட்டார்கள், சொல்கிறேன்

பிபிசியில் 1975 முதல் 1978 வரை வந்த தொலைக்காட்சித் தொடர், இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத் தாதாக்கள் கதை. பலரும் பெயரைக்கூடக் கேள்விப்பட்டதில்லை. வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

கேள்வி: பீக்கி பிளைண்டர்ஸ் மாதிரி இருக்குமா?

ஊர் மட்டும்தான் ஒன்று. பீக்கி பிளைண்டர்ஸ் தொடர் முதல் உலகப் போர் முடிந்த காலத்துக் கதை. கோட்டும் தொப்பியுமாகக் கண்ணுக்கு அழகாக இருக்கும். இது 70களின் பர்மிங்ஹாம், அப்போதே அங்கேயே எடுத்தது. கான்கிரீட் மேம்பாலம், அழுக்குக் கால்வாய், நைட் கிளப். யாரும் ஸ்லோ மோஷனில் நடக்க மாட்டார்கள்.

கேள்வி: கதையைச் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

ஜான் கிளைன் எஸ்.ஏ.எஸ். என்ற பிரிட்டிஷ் ராணுவச் சிறப்புப் படையின் முன்னாள் வீரன். ஒருவனைக் கொன்று சிறைக்குப் போனவன், வெளியே வருகிறான். செத்தவனின் அண்ணன் தம்பிகள் ஊரை ஆளும் கும்பல், பழிவாங்கக் காத்திருக்கிறார்கள். இன்னொரு பக்கம் கான் என்ற ரகசிய உளவாளி கிளைனைத் தன் வேலைக்குப் பயன்படுத்தப் பார்க்கிறான். போதை மருந்து, மாமூல், கள்ளத்தனமாக ஆள் கொண்டுவருவது எல்லாம் உண்டு.

கேள்வி: எங்கிருந்து தொடங்குவது?

1975 ஜனவரி 9 அன்று 'ப்ளே ஃபார் டுடே' என்ற பிபிசி தொலைக்காட்சி நாடக வரிசையில் வந்த தனி நாடகத்தில் தொடங்குங்கள். பிறகு 1976இல் ஆறு பகுதி, 1978இல் ஆறு பகுதி. நாடகத்தைத் தவிர்த்துவிட்டுத் தொடருக்குப் போனால் கிளைனுக்கும் கானுக்கும் என்ன உறவு என்றே பிடிபடாது.

கேள்வி: சயீத் ஜாஃப்ரி இருக்கிறாராமே?

ரஃபீக் என்ற வேடம். ஊர்ப் பெரிய மனிதர் போல இருப்பார்; தன் நாட்டு ஆட்களையே கள்ளத்தனமாகக் கொண்டுவந்து காசு பார்ப்பார். மிரட்டும்போதுகூடக் குரல் குழையும். சத்யஜித் ராயின் 'சத்ரஞ்ச் கே கிலாடி' (1977) பார்த்தவர்களுக்கு அந்தக் குழைவு புரியும். தொடரில் எனக்குப் பிடித்த ஆள் இவர்தான், கிளைன் இல்லை.

கேள்வி: இனவெறி வசனங்கள் நிறைய என்கிறார்களே?

உண்மைதான், காது கூசும். அந்த ஊரில் அன்று தெருவில் பேசியதைப் பேசுகிறார்கள் என்று சொல்லலாம். ஆனால் இரண்டாவது சீசனின் சீன வில்லன்களுக்கு அந்தச் சமாதானம் செல்லாது. அவர்கள் வெறும் கார்ட்டூன்.

கேள்வி: கதவைத் திறந்து உள்ளே போனால் படமே மாறுகிறது. பிரிண்ட் கோளாறா?

இல்லை. அன்றைய பிபிசி வழக்கம்: வெளிப்புறம் ஃபிலிமில், ஸ்டுடியோ காட்சிகள் வீடியோவில். தெருவில் நிற்கும்போது மங்கலாக, சொரசொரப்பாக இருப்பவன் அறைக்குள் நுழைந்ததும் பளிச்சென்று தெரிவான். எடுத்த பெப்பிள் மில் ஸ்டுடியோவையே 2005இல் இடித்துவிட்டார்கள்.

கேள்வி: கடைசிப் பகுதி ஒன்றுமே புரியவில்லை. என்னதான் நடக்கிறது?

பார்க்காதவர்கள் இந்தப் பதிலைத் தாண்டிவிடுங்கள்.

எழுதிய ஃபிலிப் மார்ட்டின் முதல் நாடகத்தில் தானே தாதாவாக நடித்தார். 1978இல் திரும்ப வருகிறார், 'வெள்ளைப் பிசாசு' என்ற கூலிக் கொலையாளியாக, பழைய ஹாலிவுட் காமெடியன் டபிள்யூ. சி. ஃபீல்ட்ஸ் வேடத்தில்! தொட்டாலே ஆள் காலி. கிளைனும் அப்படித்தான் போகிறான். அதாவது, எழுத்தாளரே வந்து தன் ஹீரோவைக் கொல்கிறார். நடுவில் அவரே பாகிஸ்தானில் உட்கார்ந்து டைப் அடிப்பவரிடம் கதை சொல்வதையும் காட்டுவார்கள். கடைசியில் நடிகர்கள் செட்டை விட்டு நடந்து போய்விடுகிறார்கள். பலருக்கு எரிச்சல். எனக்கு இதற்காகத்தான் தொடரே பிடிக்கும். முதல் சீசனிலேயே நின்றிருந்தால் நல்ல தாதா தொடர்களில் இன்னொன்று, அவ்வளவுதான்.

கேள்வி: கிளைனாக நடித்தவர் அப்புறம் என்ன ஆனார்?

மாரிஸ் கோல்போர்ன். 'டாக்டர் ஹூ' என்ற பிபிசி அறிவியல் புனைவுத் தொடரில் லிட்டன் என்ற வேடம், பிறகு 'ஹோவர்ட்ஸ் வே' தொடர். 1989இல் இறந்துவிட்டார். மார்ட்டினும் 1985இல் 'டாக்டர் ஹூ'வுக்கு எழுதினார்.

கேள்வி: இதே காலத்தில் வேறு ஏதாவது?

'அவுட்' தொடர், 1978, டாம் பெல் நடித்தது. ஆறே பகுதி. எட்டு வருடம் உள்ளே இருந்த கொள்ளைக்காரன், தன்னைக் காட்டிக்கொடுத்தவன் யாரென்று தேடுகிறான். இதில் யாரும் செட்டை விட்டுப் போக மாட்டார்கள், தைரியமாகப் பாருங்கள்.