பள்ளித் தாழ்வாரத்தில் ஒரு வணக்கம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீங்கள் பரிந்துரைத்த ‘தி அவுட்சைடர்ஸ்’ நாவலை ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகளோடு சேர்ந்து வாசித்தேன். ஆளின் தோற்றத்தை வைத்து அவனை எடைபோடக் கூடாது என்று சொல்லும் கதையாகவே எனக்குப் பட்டது. அவளோ, “பள்ளியில் பார்த்தால் பேசமாட்டேன் என்கிற செரி எப்படித் தோழியாவாள்?” என்று கேட்கிறாள். என்ன பதில் சொல்வது?

க.ம., திருநெல்வேலி

அன்புள்ள க.ம. அவர்களுக்கு,

உங்கள் மகள் நாவலின் உயிர்நாடியைத் தொட்டுவிட்டாள்.

எஸ்.இ. ஹின்டன் இதைப் பதினைந்து வயதில் எழுதத் தொடங்கினார். 1967-இல் அச்சில் வந்தபோது அவருக்குப் பதினெட்டு. பையன்களின் சண்டையைப் பற்றி ஒரு பெண் எழுதியிருக்கிறாள் என்று தெரிந்தால் விமர்சகர்கள் பொருட்படுத்தமாட்டார்கள் எனப் பதிப்பகத்தார் அஞ்சியதால், சூசன் என்ற பெயர் அட்டையில் வெறும் முதலெழுத்தாகச் சுருங்கியது. அவர் வளர்ந்த, அமெரிக்காவின் டல்ஸா நகரத்தின் சாயலில் அமைந்த கதையில், தலைக்கு எண்ணெய் பூசி முடியை நீள வளர்த்த கிழக்குப் பகுதி ஏழைப் பையன்கள் ‘கிரீஸர்’கள், மேற்குப் பகுதிச் செல்வந்தர் பிள்ளைகள் ‘சோஷ்’கள். அந்தப் பணக்காரப் பிள்ளைகள் அணிவதாக நாவல் சொல்லும் துணிகளில் ‘மெட்ராஸ்’ துணியும் ஒன்று. இங்கே உழைப்பாளிகள் இடுப்பில் கட்டும் கைலியின் அதே கட்டம், அங்கே அந்தஸ்தின் அடையாளமாக இருந்ததை வாசித்தபோது நான் சற்று நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

இனி, சோஷ் கூட்டத்துப் பெண்ணான செரி. திறந்தவெளித் திரையரங்கில் அறிமுகமாகும் கிரீஸர் பையன் போனிபாயிடம் அவள் மனம்விட்டுப் பேசுகிறாள். இருவரும் சூரியன் மறைவதைப் பார்க்கிறவர்கள் என்பதை அறிந்துகொள்கிறார்கள். அதே இரவில், பள்ளித் தாழ்வாரத்தில் எதிர்ப்பட்டு அவள் வணக்கம் சொல்லாமல் போனால் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்கிறாள். தனக்குத் தெரியும் என்கிறான் அவன். தோற்றத்தைக் கடந்து ஒருவரைக் கண்டுகொள்வது இருட்டில் ஒரு மணி நேரத்தில் நடந்துவிடுகிறது. கண்டுகொண்டதைப் பகலில், தன் ஆட்களின் கண்முன்னே ஒப்புக்கொள்வதுதான் கடினம். இந்த வேறுபாட்டைப் பூசி மெழுகாததால்தான் இந்நாவலை நான் நம்புகிறேன்.

ஆனால் செரியை அந்த ஒரு வாக்கியத்தோடு விட்டுவிடாதீர்கள். அவளுடைய காதலன் பாபும் கூட்டாளிகளும் போனிபாயை நீரூற்றில் அமுக்கியபோது அவன் நண்பன் ஜானி, பாபைக் கத்தியால் குத்திக் கொன்றுவிடுகிறான். அதன்பின், பாப் குடித்திருந்தான், சண்டைக்கு அலைந்தான் என்ற உண்மையைச் சொல்ல முன்வருபவள் அவளே. வணக்கம் சொல்லத் தயங்கியவள், இறந்துபோன காதலனின் பெயர் கெடும் என்று தெரிந்தே அதைச் செய்கிறாள். எனினும் பின்னர் தீயில் காயம்பட்டு மருத்துவமனையில் கிடக்கும் ஜானியைப் போய்ப் பார்க்க மட்டும் அவளால் இயலவில்லை. போனிபாய்க்குக் கோபம் பொங்குகிறது, கடுமையாகப் பேசிவிடுகிறான்.

ஆகவே உங்கள் மகளைச் சமாதானப்படுத்த வேண்டாம். அவள் கோபம் போனிபாயின் கோபம், நியாயமானது. அந்தப் பகுதியின் கடைசி வரிகளை மட்டும் அவளோடு இன்னொரு முறை படியுங்கள். போனிபாய் திடீரென்று, மேற்குப் பகுதியிலிருந்து சூரியன் மறைவது நன்றாகத் தெரிகிறதா என்று கேட்கிறான். தெரிகிறது என்கிறாள் செரி. கிழக்கிலிருந்தும் நன்றாகத் தெரியும் என்கிறான் அவன். அந்த இடத்தில் அவர்கள் தோழர்களா இல்லையா என்று அவளையே கேளுங்கள். அவள் சொல்வதை எனக்கு எழுதுங்கள்.