மோட்டார் ஹோமுக்கு அடியில் படுக்கும் முன்

சேலம் அழகாபுரத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, கட்டில், சமையல் மேடை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து மோட்டார் ஹோமாக மாற்றியிருக்கிறேன். அடிக்கடி ஏற்காடு போய் நாலு நாள் தங்குவோம். ஆயில் மாற்றுவது, கிரீஸ் அடிப்பது மாதிரி வேலைகளை அங்கேயே நானே செய்ய ஆசை. வண்டியோடு வந்த ஜாக்கியைப் போட்டுத் தூக்கி, ரெண்டு ஹாலோ பிளாக் முட்டுக் கொடுத்தால் அடியில் படுக்கலாமா? வயது 58, மெக்கானிக் இல்லை, ஆனால் கைவேலை தெரியும்."

படுக்கக் கூடாதுங்க. ஜாக்கியை மட்டும் நம்பியும் வேண்டாம், ஹாலோ பிளாக்கை நம்பி வேண்டவே வேண்டாம். சுவரில் வரிசையாக அடுக்கினால் வீட்டையே தாங்குகிற கல்தான் அது, ஆனால் ஆக்ஸில் மாதிரி ஒரு இரும்பு ஒரே இடத்தில் அழுத்தினால் முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் பொலபொலவென்று உடைந்து விடும். மரக்கட்டையாவது நசுங்கும்போது முனகும், இது அதுகூடச் செய்யாது. செங்கலும் அப்படித்தான்.

முதலில், தூக்கியே ஆக வேண்டுமா என்று பாருங்கள். கார் மாதிரி இல்லை, உங்கள் வண்டிக்கு அடியில் நல்ல இடைவெளி இருக்கும். ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து மல்லாக்கப் படுத்து நகர்ந்து பாருங்கள், ஆயிலை வடிக்கத் திறக்கும் டிரெயின் நட்டு கைக்கு எட்டினால் நாலு சக்கரமும் தரையில் இருக்கும்போதே வேலையை முடித்துக் கொள்ளலாம். பிரேக் லைன் பார்ப்பது, சைலென்சர் கிளாம்ப் முடுக்குவது எல்லாம் இப்படியே ஆகும். தொப்பை இடிக்கிறது என்றால் ஒரு லாரிப் பட்டறைக்குப் போய் குழியில் வண்டியை நிறுத்திப் பார்க்கலாம். சேலம், சங்ககிரி, நாமக்கல் பக்கம் லாரிப் பட்டறைக்கு என்ன பஞ்சம்? ஆனால் குழியில் இறங்கும் முன் வண்டியில் இருக்கும் கேஸ் சிலிண்டரை மூடி, கழற்றி வெளியே தள்ளி வையுங்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, எங்காவது கசிந்தால் குழியில்தான் போய்த் தேங்கும், அங்கே நீங்கள் பல்பு ஒன்றை இழுத்து வைத்துக்கொண்டு நிற்பீர்கள்.

சக்கரம் தரையில் இருந்தாலும் கட்டை போடாமல் உள்ளே போகக் கூடாது. ஹேண்ட் பிரேக் பெரும்பாலும் பின் சக்கரங்களைத்தான் பிடிக்கும், பின்பக்கத்தைத் தூக்கி விட்டால் அது பிடித்து ஒரு பயனும் இல்லை. 'கியரில் போட்டிருக்கிறேனே' என்பீர்கள். உங்களது பின் சக்கரம் இழுக்கும் வண்டி. ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கினால் அது அந்தரத்தில் சுற்றும், ரெண்டு பின் சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் அதற்கு வழி விடும், தரையில் இருக்கும் இன்னொரு சக்கரம் மெதுவாக உருள ஆரம்பிக்கும். அதனால் தரையில் நிற்கிற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் நல்ல மரக்கட்டையை இறுக்கமாகச் செருகுங்கள், ரோட்டோரம் கிடக்கிற உருண்டைக் கல்லை இல்லை.

தூக்கித்தான் ஆக வேண்டிய வேலையும் உண்டு. பட்டை ஸ்பிரிங்கின் முனையை வண்டியோடு இணைக்கும் ஷேக்கிள் பின்னில் கிரீஸ் நிப்பிள் (கிரீஸ் செலுத்தும் சின்ன முனை) இருந்தால், பாரம் ஏறியிருக்கும்போது எவ்வளவு அடித்தாலும் கிரீஸ் பின்னின் அழுந்தும் பக்கத்துக்குப் போகாது. வண்டியின் அடிச்சட்டமான சேசிஸைத் தூக்கி ஸ்பிரிங்கைத் தொங்க விட்டால்தான் பழைய கிரீஸ் கறுப்பாகப் பிதுங்கி வெளியே வரும். இதற்கு ஜாக்கி ஸ்டாண்ட், அதாவது தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கும் இரும்புத் தாங்கி, ஒரு ஜோடி வாங்குங்கள். அதில் எழுதியிருக்கும் டன் கணக்கு ஒரு ஸ்டாண்டுக்கா ஜோடிக்கா என்று கடையிலேயே கேட்டுக் கொள்ளுங்கள், சில டப்பாக்களில் ஜோடிக் கணக்கைத்தான் பெரிதாகப் போட்டிருப்பார்கள். வண்டியின் எடைக்கு ஆர்.சி. புத்தகத்தை நம்பாதீர்கள், அது நீங்கள் கட்டிலும் மேடையும் வைப்பதற்கு முந்தைய கணக்கு. தொட்டி நிறையத் தண்ணீரோடு ஒரு முறை எடை மேடையில் ஏற்றிப் பாருங்கள். 100 லிட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ, அதுவும் பெரும்பாலும் ஒரே பக்கமாக.

சக்கரத்தைக் கழற்றுவதானால் நட்டுகளைத் தூக்கும் முன்பே தளர்த்தி விடுங்கள். தூக்குவது ஜாக்கி, தாங்குவது ஸ்டாண்ட். தேவையான அளவு மட்டும் தூக்கி, வெளியில் இருந்தபடியே ஸ்டாண்டைத் தள்ளி சேசிஸின் கெட்டியான இரும்புக்கு நேர் கீழே வைத்து, பாரம் முழுக்க அதில் உட்காரும் வரை ஜாக்கியை இறக்குங்கள். தண்ணீர்த் தொட்டி, ஃப்ளோர் தகடு, டிஃபரன்ஷியல் மூடி எதிலும் முட்டு வேண்டாம். இறக்கிய ஜாக்கியை அங்கேயே லேசாகத் தொட்டபடி விட்டு வையுங்கள், கழற்றிய சக்கரத்தையும் சேசிஸுக்கு அடியில் படுக்கப் போட்டு விடுங்கள். பிறகு பக்கவாட்டில் நின்று வண்டியை நன்றாகக் குலுக்குங்கள். விழுவதானால் நீங்கள் வெளியே நிற்கும்போதே விழட்டும். சில வண்டிகளில் ஆடாமல் நிற்க மூலைக்கு ஒரு கால் வைத்திருப்பார்கள், அது தூங்கும்போது வண்டி அசையாமல் இருக்கத்தான், அதை நம்பி அடியில் போவதற்கு இல்லை.

தரையைப் பற்றிச் சொல்ல எனக்கே ஒரு கதை இருக்கிறது. ஒரு மே மாத மதியம் வீட்டு முன் தார் ரோட்டிலேயே ஸ்டாண்ட் போட்டேன். மோர் குடிக்க உள்ளே போய் வந்து பார்த்தால் ஒரு கால் தாருக்குள் கட்டை விரல் அளவு இறங்கி, ஸ்டாண்ட் மொத்தமும் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. சேலம் வெயிலில் தார் இளகும் என்று எனக்குத் தெரியாதா என்ன, தெரிந்தும் போட்டேன். இப்போது சிமெண்டுத் தரையில் மட்டும்தான். பேவர் பிளாக் என்றால் கெட்டியான பிளைவுட் பலகையைப் போட்டு அதன்மேல் ஸ்டாண்ட். செம்மண் தரையில், அதுவும் மழைக்கு அப்புறம், பலகை போட்டும் தூக்க வேண்டாம்.

ஏற்காட்டில் செய்ய ஆசை என்கிறீர்கள். 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய் நிற்கும் ஊரில் சமமான சிமெண்டுத் தரை கிடைப்பதே கஷ்டம், பனி பெய்து ஈரமாகவும் இருக்கும். அங்கே காபி குடியுங்கள், வேலையைச் சேலத்தில் வைத்துக் கொள்ளுங்கள். இறங்கி வந்த கையோடும் வேண்டாம், பிரேக் டிரம்மும் சைலென்சரும் கொதித்துக்கொண்டிருக்கும். ராத்திரி ஆற விட்டு மறுநாள் காலையில் ஆரம்பியுங்கள்.

மோட்டார் ஹோம்காரர்கள் மறக்கிற விஷயம் ஒன்று இருக்கிறது. இது வண்டி மட்டுமில்லை, வீடும் கூட. நீங்கள் கீழே இருக்கும்போது மேலே வீட்டம்மா டீ போட நடப்பார், பேரன் கட்டிலில் குதிப்பான். ஸ்டாண்டில் நிற்கும் வண்டிக்கு அந்த ஆட்டம் ஆகாது. எல்லாரையும் இறக்கி, கதவைப் பூட்டி, சாவியை உங்கள் பாக்கெட்டில் போட்டுக் கொள்ளுங்கள். வெளியிலிருந்து இழுத்த கரண்ட் பிளக்கையும் பிடுங்கி, இன்வெர்ட்டரை அணைத்து விடுங்கள். வெளியே ஒருவர் இருக்கட்டும், போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் பரவாயில்லை, கூப்பிட்டால் கேட்க வேண்டும். கண்ணாடியும் போடுங்கள், மல்லாந்து படுத்தால் துருவும் காய்ந்த மண்ணும் நேராகக் கண்ணில்தான் விழும். அடியில் நிழலுக்குப் படுத்திருக்கும் தெரு நாயையும் முதலில் எழுப்பி அனுப்பி விடுங்கள்.

கியர்பாக்ஸிலிருந்து பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டு போகும் புரொப்பல்லர் ஷாஃப்டின் கிராஸுக்கு (மூட்டுக்கு) கிரீஸ் அடிக்கும்போது நிச்சயம் ஒரு நிப்பிள் மேல்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும், கிரீஸ் கன் நுழையாது. படுத்தபடியே 'கொஞ்சம் தள்ளுப்பா' என்று கத்தத் தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள். முழுசாக வெளியே வந்து, கட்டையை எடுத்து, நிப்பிள் கீழ்ப்பக்கம் வரும் அளவுக்கு வண்டியைக் கொஞ்சம் உருட்டி, மறுபடி ஹேண்ட் பிரேக், மறுபடி கட்டை, அப்புறம்தான் உள்ளே. ஒரு காலையில் நாலு தடவை எழுந்து படுக்க வேண்டி வரும், 58 வயதில் முதுகு பேசும்தான்.

சக்கரம் கழற்றி மாட்டியிருந்தால் அடுத்த ஏற்காடு பயணம் போய் வந்ததும் நட்டுகளை ஒருமுறை முடுக்கிப் பாருங்கள். பழைய ஆயிலை ஒரு கேனில் பிடித்துப் பட்டறையில் கொடுத்து விடலாம்.