கடலோர மனையில் செடி கருகுகிறதா? செம்மண் லாரியைத் திருப்பி அனுப்புங்கள்

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டம் புதுமடம் அருகே, தென்கடலிலிருந்து (மன்னார் வளைகுடா) 200 மீட்டர் தள்ளி, 20 சென்ட் மனையில் வீடு கட்டியிருக்கிறோம். காண்ட்ராக்டர் ஜேசிபி வைத்து மனையைச் சுத்தம் செய்து, ஆறு லோடு செம்மண் கொட்டி, புல்தரையும் ஃபாக்ஸ்டெயில் பாமும் மாங்கன்றும் வைத்துக் கொடுத்தார். ஆடியில் எல்லாம் கருகிவிட்டன. இன்னும் ஆறு லோடு மண் வேண்டும் என்கிறார். அடிக்கலாமா?

பதில்: ஒரு லோடுகூட அடிக்காதீர்கள்.

கருகிய கன்றைச் சுற்றி வந்து பாருங்கள். தென்மேற்குப் பக்கத்து இலைகள் மட்டும் நுனியிலும் ஓரத்திலும் பழுப்பேறி, மறுபக்கம் பச்சையாக இருந்தால் அது உப்புக் காற்றின் வேலை. அலை உடையும்போது தெறிக்கும் உப்புத்துளியைக் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று தூக்கிவந்து இலையில் அப்புகிறது. மணல் உரசிப் புண்ணான இலையில் உப்பு சுலபமாக இறங்கும். வேர் எவ்வளவு நல்ல மண்ணில் நின்றாலும் இலைக்கு அதனால் பாதுகாப்பு இல்லை. சுற்றிலும் ஒரேபோல, அடி இலையிலிருந்து கருகினால்தான் மண்ணையும் தண்ணீரையும் சந்தேகிக்க வேண்டும்.

செம்மண் உதவாததோடு கெடுதலும் செய்கிறது. பருமணல்மேல் நைசான மண்ணைப் பரப்பினால், மேல்மண் முழுக்க ஊறும்வரை தண்ணீர் கீழே இறங்காது. வேரும் அந்த அரை அடிக்குள்ளேயே சுற்றும். போர் தண்ணீர் லேசாக உப்பாக இருந்தாலும் அந்த உப்பு அங்கேயே சேரும். இதெல்லாம் தெரிந்தும் லோடு லோடாகக் கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். லாரியிலும் கமிஷன், நர்சரியிலும் கமிஷன். கன்று செத்தால் அடுத்த ஆர்டர்.

உண்மையில் முதல் சேதம் ஜேசிபி செய்த ‘சுத்தம்’தான். கரையில் அடம்புக் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் மணலைப் பிடித்து வைக்கின்றன. அதற்குப் பின்னால் புதர் காற்றை மேலே ஏற்றிவிடுகிறது. அதன் மறைவில்தான் மரம் எழும்புகிறது. இந்த வரிசையை அப்படியே உங்கள் மனையில் திரும்பக் கட்டுங்கள்.

கடல் பக்கம் பத்தடி அகலத்துக்கு அடம்பு. ஒன்றரை அடித் தண்டுகளை வெட்டி, மூன்று கணு மண்ணுக்குள் போகும்படி ஐப்பசி மழையில் ஊன்றினால் போதும். அடுத்து தாழை, விராலி, சங்கஞ்செடி. நான்கடி இடைவெளியில், ஒன்றுக்கு நேர் பின்னால் ஒன்று வராமல் இரண்டு வரிசை. அதன் பின்னே பூவரசும் புன்னையும் 15 அடிக்கு ஒன்று. வேம்பு, புங்கன் எல்லாம் இவற்றுக்கும் பின்னால்தான். வேம்பை முன்வரிசையில் வைத்தால் கொழுந்து கருகிக்கொண்டே இருக்கும். எல்லை ஓரம் பனங்கொட்டையை நேரடியாக ஊன்றுங்கள். பனை இடம் மாற்றி நட்டால் பிழைப்பது கடினம். தானாக முளைத்த உடைமரம் இருந்தால் தொடாதீர்கள்.

குழி ஒன்றரை அடி போதும். தோண்டிய மணலோடு மக்கிய சாணி இரண்டு கூடை, கண்மாய் வண்டல் ஒரு கூடை கலந்து மூடுங்கள். முதல் இரண்டு ஆடிக்கும் தென்மேற்கில் ஐந்தடி உயர ஓலைத்தட்டி வேண்டும். பாதிக் காற்று ஊடே போகும்படி இடைவெளி விட்டுக் கட்டுங்கள். கெட்டிச் சுவர் வைத்தால் காற்று மேலேறி மறுபுறம் சுழன்று அடிக்கும்.

ஒரு விதிவிலக்கை விரிவாகச் சொல்லியாக வேண்டும். இதே ஆலோசனையை வடகடல் (பாக் நீரிணை) பக்கம் தேவிபட்டினம், தொண்டி ஓரத்துக் களிமண் உவர்நிலத்தில் அப்படியே செய்தால் கன்று அழுகும். மூன்றடி குழி தோண்டிப் பாருங்கள். ஊறும் தண்ணீர் கரித்தாலோ, கோடையில் தரையில் உப்பு வெள்ளையாகப் பூத்தாலோ, உங்கள் சிக்கல் வேரில்தான். அங்கே குழியில் நடக்கூடாது. இரண்டடி மேடு கட்டி, ஒரு மழைக்காலம் முழுக்க மேட்டு உப்பு கரைந்து ஓட விட்டு, அடுத்த ஐப்பசியில் மேட்டின் சரிவில் நட வேண்டும். உச்சியில் வேண்டாம், ஆவியாகும் தண்ணீர் உப்பை அங்கேதான் கொண்டுவந்து சேர்க்கும். உகாய் மரமும் பூவரசும் தாங்கும். உமரி என்னும் உவர்நிலப் பூண்டு முளைத்த இடத்தில் மரம் வைக்கும் ஆசையையே விட்டுவிடுங்கள்.

‘உப்புக்கு அசையாது, மூன்றே வருடத்தில் வேலி’ என்று கோனோகார்பஸ் கன்றை நீட்டுவார்கள். தமிழக அரசு 2025-ல் அதற்குத் தடை விதித்துவிட்டது. சவுக்கு காற்றைத் தடுக்கும், ஆனால் அடியில் புல்கூட வராது.

நடும் மாதம் ஐப்பசிதான். மரம் நடு விழா என்று ஜூனில் நாள் குறித்து, காற்று உச்சத்தில் இருக்கும்போது ஆறடிக் கன்றுகளைக் கடற்கரையில் நட்டுப் படம் எடுக்கிறார்கள்; மறு ஆடியில் எத்தனை நிற்கிறது என்று கேட்பாரில்லை. அதைப் பார்த்து நீங்களும் உயரமான கன்றாகத் தேடாதீர்கள். ஒன்றரை அடிக் கன்றே கேளுங்கள். பணம் கொடுக்குமுன் ஒரு கன்றின் பையைக் கிழிக்கச் சொல்லுங்கள். அடியில் வேர் வளையம் வளையமாகச் சுற்றியிருந்தால் அந்த நர்சரியில் வாங்காதீர்கள்.