கேள்வி-பதில்: லைட் எரியுது எண்டு காசு குடுக்காதீங்க

கோயில் திருவிழா மியூசிக்கல் ஷோவுக்கெல்லாம் இப்ப மேடைக்குப் பின்னால எல்ஈடி வோல் வந்திட்டு, பாட்டுக்கு ஏத்த மாதிரி அதில படம் ஓட்டுற பொடியன்களும் வந்திட்டாங்க, இந்தமுறை கடிதமெல்லாம் அவங்கட மிடி கொன்ட்ரோலர் கதைதான், லப்டொப்ல ஓடுற படத்தக் கையால மாத்த பட்டனும் மேல கீழ தள்ளுற ஸ்லைடரும் வச்ச பெட்டி அது. வாங்க முதல் கேட்டது ஒரே ஒராள்.

கல்லடி: ஃபேஸ்புக்ல பாத்து செக்கன் ஹேண்ட் கொன்ட்ரோலர் ஒண்டு 28,000 ரூபாக்கு எடுத்தன். வித்தவர் அனுப்பின வீடியோவில எல்லா லைட்டும் எரிஞ்சிச்சு. வீட்ட கொண்டந்து பாத்தா ரெண்டு ஸ்லைடர் தொடாமலே ஆடுது, படம் மின்னி மின்னி வருது. இப்ப அவர் போன் எடுக்கிறாரில்ல.

பதில்: உங்கள ஏமாத்தியிருக்கான் தம்பி. ஸ்லைடர் ஆடுறது அவனுக்கு நல்லாத் தெரியும், அதாலதான் லைட்ட மட்டும் வீடியோ எடுத்திருக்கான். போன் சார்ஜர்ல குத்தினாலும் அந்த லைட் எரியும். கொன்ட்ரோலர்ட வேலை லப்டொப்புக்கு நம்பர் அனுப்புறது, ஸ்லைடர் அடியில கிடந்தா 0, மேல தள்ளினா 127. மிடி-ஒக்ஸ் எண்டு ஒரு சொஃப்ட்வெயார் சும்மா கிடைக்கும், அதத் திறந்து வச்சிட்டு ஸ்லைடர ஆறுதலாத் தள்ளினா 40, 41, 42 எண்டு ஏறோணும், 40, 41, 97, 42 எண்டு பாஞ்சா உள்ளுக்க ஊத்தை, இல்லாட்டி ஸ்லைடருக்கு அடியில கிடக்கிற கார்பன் தேஞ்சு போச்சு. மறுகா கையை எடுத்திட்டு சும்மா பாத்துக்கொண்டு இருங்க, ஒருத்தரும் தொடாம நம்பர் வந்துகொண்டே இருந்தா அதுதான் உங்கட படம் மின்னுற காரணம். கடக்கரையில உப்புக் காத்து வேற, ஜன்னலடியில மூடாம வச்ச சாமானுக்கு இந்த வருத்தம் கெதியா வரும். ஃபேடருக்கெண்டே, அதாவது ஸ்லைடருக்கெண்டே, விக்கிற கிளீனர் ஸ்ப்ரே அடிச்சு நல்லா மேல கீழ தள்ளிப் பாருங்க, ஊத்தை எண்டா சரிவரும். தேஞ்சது எண்டா சோல்டர் பிடிக்கத் தெரிஞ்ச ஒராளிட்ட குடுத்து அந்த ஸ்லைடர மட்டும் மாத்துங்க, முழுசாத் தூக்கி எறியத் தேவையில்ல. பேங்க் ஸ்லிப்பையும் அவனோட ஃபேஸ்புக்ல கதைச்ச மெசேஜையும் அழிச்சிராதீங்க, பொலிசுக்குப் போறதெண்டா அதுதான் கையில கிடக்கிற சாட்சி.

களுவாஞ்சிக்குடி: புது கொன்ட்ரோலர், கோர்க் நானோகொன்ட்ரோல் 2. வீட்டில கிடந்த கேபிளால குத்தினா லைட் வருது, லப்டொப்ல காட்டுதில்ல. கடையில திருப்பிக் குடுக்கவா?

பதில்: வீட்டில கிடந்தது சார்ஜ் கேபிள், அதால கரண்ட் போகும், டேட்டா போகாது. பெட்டிக்குள்ள வந்த கேபிள எடுத்துக் குத்துங்க.

திருக்கோவில்: மிடி கொன்ட்ரோலர மிக்சர்ல குத்தினா சத்தம் வருமா, ப்ரொஜெக்டர்ல குத்தினா படம் வருமா?

பதில்: ரெண்டும் வராது. அது நம்பர் மட்டும்தான் அனுப்பும், சத்தமும் படமும் லப்டொப்ல இருந்துதான் வரோணும்.

வாழைச்சேனை: தெரிஞ்ச ஒராள் படம் ஓட்டுற சொஃப்ட்வெயார் ரெசொலூம், ஃபுல் வேர்ஷன் எண்டு 5,000 ரூபா வாங்கிப் போட்டுத் தந்தார். ஷோ நடுவில திரையில லோகோ வருது, ஸ்பீக்கர்ல யாரோ இங்கிலீசில பேசுறான். கொன்ட்ரோலர் பிழையா?

பதில்: கொன்ட்ரோலர ஏன் திட்டுறீங்க? அது டெமோ வேர்ஷன், ரெசொலூம்காரங்களே தங்கட சைட்ல சும்மா குடுக்கிறது, லோகோவும் குரலும் அதோடயே வரும். சும்மா கிடக்கிறத 5,000 குடுத்து வாங்கியிருக்கீங்க, ஒரு தரம் தேடிப் பாக்கப் பஞ்சி. வீட்டில கையப் பழக்க டெமோ தாராளமாக் காணும், ஆனா ஷோவுக்குக் காசு வாங்குறீங்க எண்டா லைசன்ஸ் வாங்குங்க. அவெனியூ, அரேனா எண்டு ரெண்டு கிடக்கு, சுவருக்கு ஏத்த மாதிரி படத்த வளைச்சு மப்பிங் செய்யிறவங்களுக்குத்தான் விலை கூடின அரேனா தேவை. விசுவல் செய்யிற மற்ற சொஃப்ட்வெயார் டச்டிசைனர் சும்மா தானே எண்டு அடுத்த கடிதம் போடாதீங்க, அந்த இலவச வேர்ஷன் உழைப்புக்குப் பாவிக்கேலா, 1280க்கு 1280 புள்ளிக்கு மேல படமும் குடுக்காது.

காரைதீவு: பாட்டுக் குழுவுக்கு விசுவல் செய்யத் தொடங்கப் போறன். பட்டன் நிறைய இருக்கிறது நல்லமா, ஸ்லைடர் இருக்கிறதா?

பதில்: வாங்க முதல் கேட்டதுக்கே சந்தோசம் தங்கச்சி. பட்டன் படத்த மாத்த, ஸ்லைடர் படத்தக் கூட்டிக் குறைக்க, ரெண்டும் வேணும். நான் கலர் கலரா மின்னுற பட்டன் பெட்டி ஒண்டு வாங்கி, மெல்லிசான பாட்டுக்குக் கூட படம் டக்கு டக்கெண்டுதான் மாறும், மெதுவா மறைய வைக்க ஒரு ஸ்லைடர் இல்ல, இப்ப அது அலுமாரிக்கு மேல. அகாய் ஏபிசி மினியில 64 பட்டனும் 9 ஸ்லைடரும் கிடக்கு, தொடங்க அது காணும். மிடிமிக்ஸ் எண்டதில 9 ஸ்லைடரோட 24 திருகு, எஃபெக்ட் கூடப் போடுறவங்களுக்கு அது நல்லம். ஒண்ட மட்டும் தெரிஞ்சு வச்சிருங்க, கொம்பியூட்டர்ல மவுசால ஒரு அளவக் கூட்டினா கையில கிடக்கிற ஸ்லைடருக்குத் தெரியாது, தொட்டதும் படம் அது நிக்கிற இடத்துக்குப் பாயும். அதுக்கு மோட்டர் வச்ச ஸ்லைடர் வருது, விலை கூட, இப்ப வேணாம்.

ஏறாவூர்: புதுசா வாங்கி அடுத்த நாளே ஒரு வரிசை பட்டன் வேலை செய்யல்ல. கடையில போர்டக் காட்டுறாங்க, ‘விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படாது’.

பதில்: இந்த போர்டக் கண்டாலே எனக்குப் பத்தி எரியும். போர்ட் எழுதினா சட்டம் இல்லாமப் போயிருமா? 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தில நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு குடுக்கலாம், வாங்கி 3 மாசத்துக்குள்ள, எழுத்தில. விசாரிச்சு நியாயம் உங்கட பக்கம் எண்டு கண்டா சாமான மாத்திக் குடு, இல்லாட்டி காசக் குடு எண்டு கட்டளை போட அவங்களுக்கு அதிகாரம் கிடக்கு. அவங்கட 1977 நம்பருக்கு போன் அடிச்சுக் கேளுங்க. ஆனா கடைசியில எல்லாம் பில்லுலதான் வந்து நிக்கும், அங்கதான் எங்கட ஆக்கள் கோட்ட விடுறது. நீங்க அனுப்பின பில்லுல ‘மியூசிக் ஐட்டம் 1’ எண்டு மட்டும் கிடக்கு. அது கொன்ட்ரோலரா, புல்லாங்குழலா? கம்பனி, மொடல், சீரியல் நம்பர், திகதி, வொரண்டி எத்தின மாசம், இவ்வளவும் பில்லுல ஏறோணும், கேட்டா பில் குடுக்க வேண்டியது கடைக்காரர்ட கடமை, கேக்க வெக்கப்படுறது நாங்க. பத்து ரூபா கொத்தமல்லிக்கு விலை பேசுற வாய் 40,000 ரூபா சாமானுக்கு மூடிப் போயிருது. இப்பவே போய், பெட்டியில கிடக்கிற சீரியல் நம்பர அதே பில்லுல எழுதி ஒப்பம் கேளுங்க. ஏலா எண்டா, ஏலா எண்டு சொன்னதையும் முறைப்பாட்டில எழுதுங்க.

பொத்துவில்: அறுகம்பேயில பார்ட்டிக்கு விசுவல் ஓட்டுறன். லப்டொப் மேடைக்குப் பின்னால, நான் முன்னுக்கு. 10 மீட்டர் யூஎஸ்பி கேபிள் வாங்கினன், கனெக்சன் விட்டு விட்டுப் போகுது.

பதில்: யூஎஸ்பி 5 மீட்டருக்கு மேல நம்பேலா. 1983இல வந்த அந்தப் பழைய 5 பின் மிடி வயர் 15 மீட்டர் போகும், ஆனா உங்கட பெட்டியில அந்த ஓட்டை கிடக்கா எண்டு முதல்ல பாருங்க, இல்லாட்டி யூஎஸ்பிய 5 பின்னா மாத்துற மலிவு வயர் ஒண்டத் தேடிப் போவீங்க, கொன்ட்ரோலர்ட யூஎஸ்பியில அது வேலை செய்யாது, நான் வாங்கினது மேசை லாச்சிக்குள்ள கிடக்கு. லப்டொப்பையும் உங்களோட முன்னுக்கு வச்சுக்கொண்டு, படத்த மட்டும் நீட்டு வயர்ல பின்னுக்கு அனுப்புங்க. லப்டொப்புக்கு மேல ஒரு சீலையும் போடுங்க, மணல் பொல்லாதது.