ஸ்கேன் எடுத்தபோது மூத்திரப்பை நிறைந்திருந்ததா?

"வலது பக்கம் லேசான ஹைட்ரோநெஃப்ரோசிஸ், கல் இல்லை" என்று அல்ட்ராசவுண்ட் ரிப்போர்ட்டில் வந்திருக்கிறது, கிட்னி கெட்டுவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். அதனாலேயே கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. ஹைட்ரோநெஃப்ரோசிஸ் என்றால், சிறுநீர் தேங்கி கிட்னியின் உள்ளறை கொஞ்சம் விரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பை முட்ட நிறைந்தால் இப்படி விரிவதுண்டு.

ரிப்போர்ட்டில் 'போஸ்ட் வாய்டு' (சிறுநீர் கழித்த பிறகு பார்த்தது) என்ற வரியைத் தேடுங்கள். இல்லையென்றால், சிறுநீர் கழித்த பிறகு மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். விரிவு மறைந்தால் பெரும்பாலும் கவலையில்லை.

மறையவில்லையா? கிட்னியிலிருந்து மூத்திரப்பைக்கு வரும் சிறுநீர்க்குழாயின் நடுவில் இருக்கும் கல், குடல் காற்றுக்குப் பின்னால் ஒளிந்து அல்ட்ராசவுண்டில் தப்பிவிடும். அதற்குச் சாயமருந்து ஏற்றாத சி.டி. போதும், டாக்டரிடம் கேளுங்கள்.

காய்ச்சலும் குளிரும் சேர்ந்து வந்தால் மட்டும் மறு ஸ்கேனுக்குக் காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.