அடைப்பு எங்கே என்று சேம்பர் சொல்லும்

மழை தொடங்கிவிட்டால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி, கழிவுக் குழாய் அடைப்பைப் பற்றித்தான். பாளையங்கோட்டையைச் சுற்றி இருபது வருஷத்துக்கு மேல் குழாய் வேலை எடுத்துச் செய்ததில் கண்டது இது: அடைப்பை எடுக்க ஆகும் செலவைவிட, அது எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் செய்யும் வைத்தியத்துக்குத்தான் செலவு அதிகம். இந்த முறை வந்தவற்றில் எட்டுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (பெருமாள்புரம்): வாஷிங் மெஷின் தண்ணீர் விடும்போதெல்லாம் கீழ் பாத்ரூம் தரைக்குழியில் நுரை பொங்குகிறது. டாய்லெட்டில் குளுக் குளுக் என்று சத்தம். கோப்பையை மாற்றச் சொல்கிறார் வீட்டுக்கு வந்த பிளம்பர். மாற்றிவிடலாமா?

மாற்ற வேண்டாம். கோப்பை மேல் ஒரு குற்றமும் இல்லை. வாஷ்பேசினில் மட்டும் தண்ணீர் நின்றால் அது வாஷ்பேசின் கோளாறு. ஓரிடத்தில் ஊற்றிய தண்ணீர் இன்னோரிடத்தில் தலைகாட்டினால், இரண்டும் போய்ச் சேரும் பெரிய குழாயில் அடைப்பு. தண்ணீருக்கு முன்னே போக வழியில்லை; வீட்டிலேயே பள்ளமான வாயைத் தேடி ஏறி வரும். அந்த வாய் பெரும்பாலும் கீழ்த்தளத்துப் பாத்ரூம் குழி, இல்லாவிட்டால் தரையோடு பதித்த இந்தியன் டாய்லெட். மெஷின் ஒரே மூச்சில் 30, 40 லிட்டரைத் தள்ளுவதால் முதலில் காட்டிக்கொடுப்பது அதுதான்.

முதலில் மாடி உட்பட எல்லாரிடமும் சொல்லித் தண்ணீர்ப் புழக்கத்தை நிறுத்துங்கள். அப்புறம் வெளியே போய், வீட்டை ஒட்டிய சேம்பரில், அதாவது குழாய்ப் பாதையில் மூடி போட்டுக் கட்டிய தொட்டியில், தொடங்கி வெளிப்பக்கமாக ஒவ்வொரு மூடியாகக் கடப்பாரையால் நெம்பித் திறங்கள். திறந்ததும் குனிந்து முகத்தை நீட்டாதீர்கள். ஐந்து நிமிஷம் தள்ளி நில்லுங்கள். பக்கத்தில் பீடி, சிகரெட், குழந்தைகள் கூடாது. முதல் சேம்பர் காய்ந்திருந்தால் அடைப்பு வீட்டுக்கும் அதற்கும் நடுவில். முதலாவது நிறைந்து இரண்டாவது காய்ந்திருந்தால் அந்த இரண்டுக்கும் நடுவில். எல்லாமே தளும்பி நின்றால் கோளாறு கடைசியில்: செப்டிக் டேங்க், அல்லது தெருவில் போகும் மாநகராட்சிக் குழாய்.

கே.டி.சி. நகரில் ஒரு வீட்டில் இப்படித்தான் கோப்பையை மாற்றி, டைல்ஸையும் உடைத்த பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். முதல் சேம்பரில் தண்ணீர் மூடி வரைக்கும் நின்றது. சுவர் முழுக்கக் கரப்பான். இரண்டாவதில் ஒரு சொட்டு இல்லை. நடுவே பத்தடிக் குழாய். காய்ந்த சேம்பர் பக்கமிருந்து நீளமாகப் பிளந்த மூங்கில் சிம்பை விட்டு, ஏழாவது அடியில் தட்டுப்பட்டதும் திருகித் திருகி இழுத்தேன். பாத்திரம் தேய்க்கும் நார், அதைச் சுற்றி ஒரு ஆள் முடி, நடுவில் ஒரு டீ ஸ்பூன். பின்னாலேயே நின்ற தண்ணீர் அத்தனையும் பாய்ந்து வந்தது. நீங்கள் செய்வதானால் சிம்பை விட்டபடி குழாய்க்கு நேரே நிற்காதீர்கள், ஒதுங்கி நில்லுங்கள். அந்தப் பாடத்தை நான் வெள்ளைச் சட்டையோடு படித்தேன்.

கேள்வி (திருநெல்வேலி டவுன்): எங்கள் வளவில் ஐந்து வீடு, முடுக்குக்கு அடியில் ஒரே குழாய். வருஷத்துக்கு இரண்டு முறை என் வாசல் சேம்பர்தான் பொங்குகிறது. "உங்க வீட்டுலதான் ஏதோ போடுதீங்க" என்கிறார்கள்.

உங்கள் வாசல் பள்ளம், அதனால் பழி உங்களுக்கு. மேலே நான்கு வீட்டார் விட்டதும் உங்களிடம் வந்துதான் முட்டும். டவுனில் பழைய வளவுகளில் இன்னும் சுட்ட மண் குழாய்தான் ஓடுகிறது. இரண்டடி, மூன்றடித் துண்டுகளைச் சிமெண்டால் சேர்த்திருப்பார்கள். வருஷங்கள் போகப் போக சிமெண்ட் உதிர்ந்து இணைப்பு விலகும்; அந்த மயிரிழைச் சந்தில் அரசமரம், வேம்பின் வேர் ஈரத்தைத் தேடி நுழையும். சிம்பு விட்டால் வேரில் ஒரு ஓட்டை விழும், தண்ணீர் போகும், ஆறு மாதத்தில் மறுபடியும் மூடிக்கொள்ளும். நீங்கள் சொல்லும் வருஷத்துக்கு இரண்டு முறைக் கணக்கு அதற்குப் பொருந்துகிறது.

குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்கிறவர்கள் இப்போது நம் ஊரிலும் கிடைக்கிறார்கள். ஐந்து வீடும் பங்கு போட்டு ஒரு முறை பாருங்கள். படத்தை எல்லாரையும் கூட்டிவைத்துப் பார்ப்பது முக்கியம். பாதிச் சண்டை அங்கேயே தீரும். வேர்தான் என்றால் விலகின பகுதியை மட்டும் தோண்டி பி.வி.சி. போடலாம். ஐந்து வீட்டுக்கு 4 அங்குலம் போதாது, 6 அங்குலம் போடுங்கள்.

கேள்வி (மகாராஜநகர்): மார்கழி, தையில் மட்டும் அடுக்களைத் தண்ணீர் தேங்குகிறது. போன தையில் வீட்டில் கல்யாணம். மறுவீட்டுச் சொதிக்கு மறுநாள் சேம்பரே நிரம்பிவிட்டது.

தேங்காய்ப்பால் சொதியைக் குறை சொல்ல மனம் வரவில்லை, ஆனால் காரணம் அதுதான். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையும். பனி நாளில் மண்ணுக்குள் குளிர்ந்து கிடக்கும் குழாயில் தேங்காய்ப் பாலின் கொழுப்பும் நெய்யும் சுவரில் படிந்து, மேலே சோற்றுப் பருக்கை ஒட்டி, மெழுகு மாதிரி ஆகிவிடும். ஐம்பது பேர் சாப்பிட்ட பாத்திரம் ஒரே நாளில் கழுவினால் கேட்கவே வேண்டாம். சட்டியைக் கழுவும் முன் ஒரு பழைய தாளால் துடைத்துக் குப்பையில் போடுங்கள். சிங்க் தண்ணீர் பெரிய சேம்பரில் விழும் முன்னே ஒரு எண்ணெய்த் தொட்டி கட்டிவிட்டால் மாதம் ஒரு முறை மேலே மிதப்பதை அள்ளிப்போட்டால் போதும். பாட்டி காலத்து அங்கணத்துத் தண்ணீர் வாழைக்குப் போயிற்று. அங்கே அடைக்க என்ன இருந்தது?

கேள்வி (மேலப்பாளையம்): ஆசிட் இரண்டு பாட்டில் ஊற்றியும் போகவில்லை. மேலே பிளீச்சிங் பவுடர் போடச் சொல்கிறார்கள்.

போடாதீர்கள். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய பாத்ரூமில் அது நுரையீரலைச் சுட்டுவிடும். இதைப் படிக்கும் முன்பே போட்டிருந்தால் கதவு, ஜன்னலைத் திறந்துவிட்டு எல்லாரும் வெளியே வாருங்கள். இருமலோ மூச்சுத் திணறலோ இருந்தால் நேரே ஆஸ்பத்திரி.

பெரிய குழாயில் துணியோ வேரோ வண்டலோ அடைத்தால் ஆசிட் அதைக் கரைக்காது. சேம்பர் சிமெண்டைத் தின்னும், செப்டிக் டேங்கில் வேலை பார்க்கும் நுண்ணுயிரைக் கொல்லும். காஸ்டிக் சோடாவும் அப்படித்தான். தேங்கிய தண்ணீரில் கொதித்துத் தெறிக்கும். எதை ஊற்றியிருந்தாலும், வேலைக்கு வருகிறவரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள். சொல்லாமல் விட்ட ஒரு வீட்டின் தழும்பு இன்னும் என் முழங்கையில் இருக்கிறது.

கேள்வி (சிந்துபூந்துறை): வெள்ளம் வந்த வருஷத்திலிருந்து டாய்லெட் மெதுவாகத்தான் இறங்குகிறது. நாலு முறை சிம்பு விட்டாயிற்று.

2023 டிசம்பர் 17, 18இல் தாமிரபரணி புகுந்த தெருக்களில் இதே கதைதான். வெள்ளம் வடிந்தது, அது கொண்டுவந்த வண்டல் குழாயின் அடியில் தங்கிவிட்டது. சிம்பு அதன் மேல் சறுக்கிக்கொண்டு போகுமே தவிர வண்டலை வெளியேற்றாது. உங்களுக்கு வேண்டியது ஜெட் இயந்திரம்: வேகமாகத் தண்ணீரைப் பீய்ச்சி வண்டலைக் கலக்கும், கீழ்ச் சேம்பரில் நின்று அதை உறிஞ்சியும் எடுக்க வேண்டும். உறிஞ்சாமல் தள்ளிவிட்டால் அடைப்பு அடுத்த சேம்பருக்கு இடம் மாறும், அவ்வளவுதான். மண் குழாய் என்றால் முன்பே சொல்லி அழுத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்கள்.

அதற்குப் பிறகும் மெதுவாகவே போனால் குழாய் நடுவில் உட்கார்ந்திருக்கும். 4 அங்குலக் குழாய்க்கு நாற்பதுக்கு ஒன்று என்று சரிவு வேண்டும். பத்தடிக்கு மூன்று அங்குலம் இறங்க வேண்டும். மண் இளகிய இடத்திலும் சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசலிலும் குழாய் தொட்டில் மாதிரி தொய்ந்துவிடும். அதற்குத் தோண்டிப் போடுவது ஒன்றுதான் வழி.

இன்னொன்று: மொட்டைமாடி மழைத்தண்ணீரைக் கழிவுச் சேம்பரில் இணைத்திருக்கிறீர்களா? பாதாளச் சாக்கடை வேறு, மழைநீர் வாருகால் வேறு. இணைத்திருந்தால் பிரித்துவிடுங்கள்.

கேள்வி (சேரன்மகாதேவி): வீடு வயலை ஒட்டி இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் டாய்லெட் இறங்காது. பங்குனியில் தானாகச் சரியாகிவிடும். செப்டிக் டேங்கை இப்போதே லாரி வைத்துக் காலி செய்துவிடட்டுமா?

இது அடைப்பே இல்லை. பிசான நெல் சாகுபடிக்கு வாய்க்கால் ஓடி, வயலெல்லாம் தண்ணீர் நிற்கிற காலம். உங்கள் உறைகுழியைச் சுற்றி மண்ணே குடித்து முடித்திருக்கும்போது டேங்க் தண்ணீர் எங்கே ஊறும்? இப்போது லாரி வைத்து எடுத்தால் நாலு நாளில் வெளித்தண்ணீர் உள்ளே வந்து நிரம்பும். பிளாஸ்டிக் டேங்க் என்றால் காலியானதும் மண்ணைவிட்டு மேலே மிதந்தும் வரும். குளிக்கிற, துவைக்கிற தண்ணீரைப் பிரித்து வாழைக்கோ கல்வாழைக்கோ விடுங்கள். டேங்குக்குப் பாரம் பாதியாகும். சித்திரையில் எடுங்கள், அப்புறம் இரண்டு, மூன்று வருஷத்துக்கு ஒரு முறை. வாய்க்காலுக்கு ஒரு குழாய் விட்டுவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். அந்த வாய்க்காலும் ஆறும்தான் கீழே ஊர் ஊராகக் குடிதண்ணீர்.

கேள்வி (வள்ளியூர்): லாரிக்காரர் கேட்பதில் பாதிக்கு ஒருவர் டேங்கில் இறங்கி அள்ளித் தருகிறேன் என்கிறார்.

இறக்காதீர்கள். அவரே கெஞ்சினாலும், "பத்து வருஷமா இறங்குதேன்" என்றாலும் வேண்டாம். டேங்குக்குள் இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. "வாடையே இல்லை, இறங்கலாம்" என்று நினைக்கிற நேரம்தான் ஆபத்தானது. உள்ளே விழுந்தவரைத் தூக்க இறங்குகிறவரும் விழுவார். அப்படி நடந்துவிட்டால் யாரும் இறங்காமல் 101ஐக் கூப்பிடுங்கள்.

2013ஆம் வருஷச் சட்டப்படி, உரிய பாதுகாப்புச் சாதனமும் ஏற்பாடும் இல்லாமல் ஆளை இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பது குற்றம். முதல் முறைக்கே 2 வருஷம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நேரடியாகவோ வேறொருவர் மூலமாகவோ வேலைக்கு வைத்த யாரும் இதில் சேர்த்தி, வீட்டுக்காரரும்தான். சாக்கடைச் சாவுகளுக்கான நஷ்டஈட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ஆக்கியது. லாரி வேண்டுமென்றால் 14420 என்ற இலவச எண் இருக்கிறது.

கேள்வி (தியாகராஜநகர்): சேம்பர் எங்கே என்றே தெரியவில்லை. பழைய சொந்தக்காரர் முற்றம் முழுக்க டைல்ஸ் போட்டுவிட்டார்.

அழகுக்காக மூடிவிடுகிறார்கள், பிறகு நாங்கள் வந்து தேடுகிறோம். மாடி டாய்லெட்டிலிருந்து இறங்கும் தடிக் குழாய் சுவரோடு எங்கே மண்ணில் நுழைகிறது என்று பாருங்கள். அங்கிருந்து தெருவை நோக்கிச் சுவரோரமாகவே போங்கள். குழாய் திரும்பும் மூலையில் பெரும்பாலும் ஒரு சேம்பர் இருக்கும். இரும்புக் கம்பியால் டைல்ஸைத் தட்டிக்கொண்டே நடந்தால் அடியில் வெற்றிடம் உள்ள இடத்தில் சத்தம் மாறும். சந்தேகம் இருந்தால் ராத்திரி ஊர் அடங்கியதும் மாடியில் ஒருவரை இரண்டு வாளி ஊற்றச் சொல்லி, நீங்கள் தரையில் காதை வைத்துக் கேளுங்கள். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்களோ, ஆனால் தண்ணீர் விழும் சத்தம் நன்றாகவே கேட்கும்.

கிடைத்ததும் அந்த டைல்ஸை இரும்புச் சட்டம் போட்ட மூடியாக மாற்றிவிடுங்கள். அதன் மேல் துளசி மாடத்தை மட்டும் வைத்துவிடாதீர்கள். ஒரு வீட்டில் வைத்திருந்தார்கள். நகர்த்துவதற்கு நல்ல நாள் பார்க்க வேண்டும் என்று என்னை மூன்று நாள் காக்க வைத்தார்கள்.