கை மட்டும் ஏன் உப்பலாக வருகிறது?

கே: டேப்லெட்டில் ஆள் படம் வரைந்தால் முகம், உடை எல்லாம் ஓரளவு வந்துவிடுகிறது. கை மட்டும் கையுறை மாட்டியதுபோல் நிற்கிறதே?

ப: விரல்களிலிருந்து தொடங்குவீர்கள் என்று நினைக்கிறோம். முதலில் உள்ளங்கையைச் சதுரப் பெட்டியாகப் போடுங்கள். கட்டைவிரலின் அடிச்சதையைத் தனி முக்கோணமாக ஒட்டுங்கள். மற்ற நான்கு விரல்களின் முட்டிகள் நேர்கோட்டில் இருக்காது. நடுவிரலில் உயர்ந்து, சுண்டுவிரல் பக்கம் சரியும். அந்த வளைவைப் போட்ட பிறகே விரல்கள். புறங்கைப் பக்கம் நடுவிரல் ஏறக்குறைய உள்ளங்கை நீளம் தெரியும். உள்பக்கம் பார்த்தால் விரலிடைத் தோல் மேலேறி மறைப்பதால் குட்டையாகத் தெரியும். கட்டைவிரல் நகம் மற்ற நகங்களைப்போல் நம்மைப் பார்க்காது, பக்கவாட்டில் திரும்பியிருக்கும். பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான்.

அளவு: மணிக்கட்டு முதல் நடுவிரல் நுனி வரை, மோவாயிலிருந்து முடி தொடங்கும் இடம் வரையான நீளம். பயந்து பயந்து சின்னதாக வரையாதீர்கள்!

கே: கோடு நடுங்குகிறது. ஸ்டெபிலைசரை (கோட்டின் நடுக்கத்தைச் சமன்செய்யும் அமைப்பை) முழுதாக ஏற்றலாமா?

ப: வேண்டாம். கோடு பேனாவுக்குப் பின்தங்கும். முட்டி போன்ற கூர்மையான திருப்பங்கள் மழுங்கும். பாதியளவு போதும். முன்வரைவு லேயரின் (படத்தின் ஓர் அடுக்கு) ஒபாசிட்டியை, அதாவது மறைக்கும் திறனை, 25 சதவீதத்துக்குக் குறைத்து, மேலே புது லேயரில், முழங்கையிலிருந்து கையை அசைத்து ஒரே வீச்சில் இழுங்கள். அவ்வப்போது கேன்வாஸை இடவலமாகப் புரட்டிப் பார்த்தால் கோணல் உடனே பிடிபடும்.

கே: ஏ4 அச்சுக்கு என்ன அளவு?

ப: 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளிகள்), 2480 × 3508 பிக்சல். தொடக்கத்திலேயே வையுங்கள், பிறகு பெரிதாக்கினால் கோடு மங்கும்.